1880-ல நடந்த ஒரு கல்யாணமும் லார்டு சின்ஹா பட்டமும்: வாரிசு யாருன்னு முடிவான கதை

அப்பா லார்டு. அவர் போனதும் மூத்த பையன் லார்டு. இதுல கேஸ் நடத்த என்ன இருக்குன்னுதான் நானும் முதல்ல நினைச்சேன். ஆனா முதல் லார்டு சின்ஹா 1928-ல இறந்தப்ப அவரோட மூத்த பையன் அருண் குமார் சின்ஹாவுக்கு லண்டன் பிரபுக்கள் சபையில, அதாவது பிரிட்டிஷ் பார்லிமென்ட்டோட மேல் சபையில, இடம் தானா வந்துடல. 1939-லதான் அந்த சபையோட கமிட்டி உக்காந்து இவர்தான் வாரிசுன்னு சொல்லுச்சு. இவர் மூத்த பையன்தானான்னு யாருக்கும் சந்தேகம் இல்ல. வந்த கேள்வியே வேற. 1880-ல வங்காளத்துல இந்து முறைப்படி நடந்த உங்க அப்பா அம்மா கல்யாணம் எங்க சட்டத்துக்கு கல்யாணம்தானா?

நான் தினமும் வாரிசு பேப்பர்களோட உருள்ற ஆளு. வாரிசு சர்டிபிகேட், பட்டா மாத்தறது, பாகப்பிரிவினை, இதுதான் என் பொழப்பு. போன வருஷம் ஒரு அம்மா வந்தாங்க, வயசு எழுபது இருக்கும், மஞ்சப்பைக்குள்ள ஒரு பிளாஸ்டிக் கவர், அதுக்குள்ள நாலா மடிச்ச கல்யாண பத்திரிகை, மடிப்புல எல்லாம் கிழிஞ்சு மஞ்சள் தடவின ஓரம் மட்டும் இன்னும் நிறம் போகாம இருந்துச்சு. ஒரு ஆபீஸ்ல கல்யாணம் ஆனதுக்கு ஆதாரம் கேட்டிருக்காங்க. "அம்பது வருஷம் குடும்பம் நடத்தினேன் சார், இப்ப போயி தாலி கட்டினாரான்னு கேக்கறாங்க"ன்னு அவங்க சொன்னப்ப எனக்கு பதில் சொல்ல வரல. சின்ஹா கேஸை படிச்சப்ப எனக்கு அந்த பத்திரிகைதான் கண்ணு முன்னாடி வந்துச்சு. அதான் முழுசா எழுதிடலாம்னு உக்காந்தேன்.

முதல்ல இந்த சின்ஹா யாருன்னு பாத்துடுவோம். சத்யேந்திர பிரசன்ன சின்ஹா, 1863-ல பிறந்தவர், வங்காளத்துல பீர்பூம் மாவட்டம் ராய்ப்பூர் ஜமீன்தார் குடும்பம். ராய்ப்பூர்னா சத்தீஸ்கர் தலைநகரம்னு நினைச்சுடாதீங்க, இது போல்பூர் பக்கத்துல இருக்கற ஒரு கிராமம். தேவேந்திரநாத் தாகூர் சாந்திநிகேதனுக்கு முதல்ல நிலம் வாங்கினதே இந்த ராய்ப்பூர் சின்ஹா குடும்பத்துக்கிட்ட இருந்துதான். சத்யேந்திரா கல்கத்தா பிரசிடென்சி காலேஜ்ல படிச்சிட்டு 1881-ல இங்கிலாந்து போறார், லிங்கன்ஸ் இன்ல பாரிஸ்டர் ஆகி 1886-ல கல்கத்தா ஹைகோர்ட்டுக்கு திரும்பி வர்றார். அதுக்கப்புறம் அவர் ஏறினது எல்லாமே இந்தியர் யாரும் அதுவரைக்கும் ஏறாத படி. வங்காளத்தோட அட்வகேட் ஜெனரல் ஆன முதல் இந்தியர். 1909-ல வைஸ்ராயோட நிர்வாக கவுன்சில்ல சட்ட உறுப்பினர், அதுலயும் முதல் இந்தியர். அந்த நியமனம் ஏழாம் எட்வர்ட் ராஜாவுக்கு கொஞ்சம்கூட பிடிக்கல, லண்டன்ல இந்திய விவகார மந்திரியா இருந்த மார்லி பிடிவாதமா நின்னதாலதான் கையெழுத்து ஆச்சு. 1915-ல சர் பட்டம், அதே வருஷ கடைசியில பம்பாய் காங்கிரஸ் மாநாட்டுக்கு தலைவர். அந்த காலத்துல ரெண்டும் ஒரே ஆளுக்கு ஒரே வருஷத்துல நடக்க முடிஞ்சிருக்கு.

முதல் உலகப்போர் சமயத்துல பீகானேர் மகாராஜாவோட சேந்து லண்டன் மாநாட்டுக்கு இந்தியா சார்பா போறார், 1919-ல பாரிஸ் சமாதான மாநாட்டுக்கும் போறார். அந்த வருஷம்தான் இந்தியாவோட ஆட்சி முறையை மாத்தற மாண்டேகு செம்ஸ்போர்டு சீர்திருத்த மசோதா பார்லிமென்ட்டுக்கு வரணும். மந்திரி மாண்டேகு காமன்ஸ் சபையில அதை பாத்துப்பார், பிரபுக்கள் சபையில எடுத்துப் பேச ஒரு ஆள் வேணும். அதுக்கு சின்ஹாவை லண்டன்ல இந்திய விவகாரத்தை பாத்துக்கற இந்தியா ஆபீஸ்ல துணை மந்திரியா போட்டு 1919 பிப்ரவரியில பாரன்ங்கற பிரபு பட்டம் குடுத்தாங்க. பேரு 'பாரன் சின்ஹா, வங்காள மாகாணத்து ராய்ப்பூர்'. பிரபுக்கள் சபையில உக்காந்த முதல் இந்தியர் அவர்தான். பரம்பரையா இறங்கற பிரபு பட்டம் ஒரு இந்தியருக்கு குடுத்தது அந்த ஒரு தடவைதான், அதுக்கு முன்னாடியும் இல்ல பின்னாடியும் இல்ல. பட்டம் வாங்கி ரெண்டு மாசத்துல ஜாலியன்வாலாபாக். அடுத்த வருஷம் ஜூலையில அவர் துணை மந்திரியா இருக்கும்போதே அதே பிரபுக்கள் சபை ஜெனரல் டயருக்கு ஆதரவான தீர்மானத்தை 129-க்கு 86-ன்னு நிறைவேத்துச்சு. அந்த மண்டபத்துல அவர் நிலைமை எப்படி இருந்திருக்கும்னு யோசிச்சா மனசு கனக்குது. அதுக்கப்புறம் 1920 டிசம்பர்ல பீகார் ஒரிசா மாகாண கவர்னர், ஒரு மாகாணத்துக்கு கவர்னர் ஆன முதல் இந்தியர், உடம்பு முடியாம ஒரு வருஷத்துக்குள்ளயே ராஜினாமா. 1926-ல பிரிவி கவுன்சில் நீதிக்குழுவுல இடம், இந்திய கேஸ்களுக்கு அப்ப லண்டன்ல இருந்த கடைசி அப்பீல் கோர்ட் அதுதான். 1928 மார்ச்சுல பஹரம்பூர்ல காலமானார்.

இந்த இடத்துல பட்டங்கள பத்தி கொஞ்சம் சொல்லிடறேன், ஏன்னா நம்ம ஆளுங்க எல்லாத்தையும் ஒண்ணா போட்டு குழப்பிக்கறாங்க. சர் பி.டி. தியாகராயர், சர் சி.வி. ராமன்னு சொல்றோமே, அந்த சர் அந்த ஆளோட முடிஞ்சு போயிடும், பையனுக்கு வராது. செட்டிநாட்டு அண்ணாமலை செட்டியாருக்கு ராஜா சர்னு ரெண்டு இருந்துச்சுல்ல, அதுல சர் அவரோட சரி, ராஜாங்கறது பரம்பரையா குடுத்தது. ஆற்காடு இளவரசர் பட்டம் இன்னொரு மாதிரி. 1855-ல கர்நாடக நவாப் வாரிசு இல்லாம இறந்ததும் கம்பெனி நவாப் பட்டத்தையே எடுத்துட்டு, பின்னாடி அவர் சித்தப்பா ஆசிம் ஜாவுக்கு விக்டோரியா ராணியோட சாசனம் மூலமா இளவரசர்னு ஒரு புது பட்டம் குடுத்தாங்க, அது இன்னைக்கு வரைக்கும் சென்னையில இருக்கு. பம்பாய் பார்சி வியாபாரி ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய்க்கு 1857-ல கிடைச்சது பாரனெட். அதுவும் பரம்பரைதான், ஆனா அதுல பேருக்கு முன்னாடி சர்னு போட்டுக்கலாம், அவ்வளவுதான், பிரபுக்கள் சபையில நாற்காலி கிடையாது. அந்த பட்டத்துக்குன்னே 1860-ல தனியா ஒரு சட்டம் போட்டாங்க, அதுப்படி பட்டத்துக்கு வர்ற ஒவ்வொரு வாரிசும் தன் சொந்த பேரை விட்டுட்டு ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய்னே பேர் வெச்சுக்கணும். இதுங்க எதுவுமே 'பீரேஜ்' இல்ல. சின்ஹாவோடது மட்டும்தான் பீரேஜ், அதாவது பார்லிமென்ட்ல உக்காந்து சட்டம் போடற உரிமையும் சேந்து பரம்பரையா இறங்கற பட்டம். அதனாலதான் வாரிசு யாருங்கறதை அவங்க அவ்வளவு கிட்டத்துல பாத்தாங்க.

பட்டம் குடுக்கற சாசனத்துல ஒரு வரி இருக்கும், எல்லா சிக்கலும் அந்த வரியிலதான். தமிழ்ல சொன்னா, 'அவர் உடம்புல சட்டப்படி பிறந்த ஆண் வாரிசுகளுக்கு'. இதை ஒவ்வொரு வார்த்தையா பிச்சு பாருங்க. 'அவர் உடம்புல'ன்னா அவர் பெத்த பிள்ளை வழி மட்டும்தான், அண்ணன் தம்பி, அவங்க பிள்ளைங்க யாரும் வர முடியாது, தத்துப்பிள்ளையும் வர முடியாது. நம்ம ஊர்ல தத்துப்பிள்ளைன்னா கொள்ளி வைக்கற முழு பிள்ளை, அங்க இந்த விஷயத்துல அவனுக்கு இடமே இல்ல. தத்தை ஏத்துக்க மாட்டேன்னுதானே டல்ஹவுசி சத்தாராவையும் ஜான்சியையும் எடுத்துக்கிட்டான். 'ஆண்'னா பொண்ணுங்க அவுட், மூத்தவளா இருந்தாலும் சரி ஒரே பிள்ளையா இருந்தாலும் சரி. மிச்சம் இருக்கறது 'சட்டப்படி பிறந்த'. அப்பா அம்மாவுக்கு முறையான கல்யாணம் நடந்திருக்கணும், அதுவும் பிள்ளை பிறக்கறதுக்கு முன்னாடி. இங்கிலாந்துல 1926-ல ஒரு சட்டம் வந்துச்சு, பிள்ளை பிறந்தப்புறம் அப்பா அம்மா கல்யாணம் பண்ணிக்கிட்டாலும் அந்த பிள்ளை முறையான பிள்ளைன்னு. அந்த சட்டத்துலயே பட்டத்துக்கு மட்டும் இது செல்லாதுன்னு தனியா எழுதி வெச்சாங்க.

இப்ப நம்ம ஊர் சட்டத்தை பாருங்க, செல்லாத கல்யாணத்துல பிறந்த பிள்ளையைக்கூட இந்து திருமண சட்டம் 16-வது பிரிவு முறையான பிள்ளைன்னு சொல்லி அப்பா அம்மா சொத்துல பங்கு குடுக்குது, 2023-ல சுப்ரீம் கோர்ட் அதை இன்னும் கொஞ்சம் விரிச்சே சொல்லிடுச்சு. பிள்ளை என்ன தப்பு பண்ணுச்சு?

சரி, கேஸுக்கு வருவோம். அந்த காலத்துல சாதாரணமா ஒரு லார்டு இறந்தா பையன் தன்னோட பிறப்பு பேப்பரையும் அப்பா அம்மா கல்யாண பேப்பரையும் குடுப்பான், பிரபுக்கள் சபைக்கு தலைமை வகிச்ச லார்டு சான்ஸலர் பாத்துட்டு சபைக்கு வாங்கன்னு அழைப்பாணை அனுப்புவார், முடிஞ்சுது. ஏதாவது சந்தேகம் இருந்தாதான் மனு ராஜாவுக்கு போகும், அங்கிருந்து அட்டர்னி ஜெனரல், அப்புறம் பிரபுக்கள் சபை, சபையோட சிறப்புரிமை கமிட்டி. அருண் சின்ஹாவோட மனு இந்த ரெண்டாவது ரூட்லதான் போச்சு.

சந்தேகம் எங்க இருந்து வந்துச்சுன்னா 1866-ல இருந்து. ஹைட் அப்படின்னு ஒரு ஆங்கிலேயர், மார்மன் மதத்துல சேந்து அமெரிக்காவுல யூட்டாவுக்கு போய் கல்யாணம் பண்ணிக்கிட்டார். அப்புறம் அந்த மதத்தை விட்டுட்டார், மனைவி வேற ஒருத்தரை கட்டிக்கிட்டாங்க, இவர் லண்டன் கோர்ட்டுல விவாகரத்து கேட்டார். ஜட்ஜ், பின்னாடி லார்டு பென்சான்ஸ் ஆனவர், கல்யாணம்னா ஒரு ஆணும் ஒரு பெண்ணும் வேற யாரும் குறுக்க வராம ஆயுசு முழுக்க சேந்து இருக்க சம்மதிக்கறது, மார்மன் கல்யாணம் அந்த வகை இல்ல, அதனால எங்க கோர்ட் இதுல கை வைக்காதுன்னுட்டார். இதுல கவனிக்க வேண்டியது என்னன்னா ஹைட்டுக்கு ஒரே ஒரு மனைவிதான். ரெண்டாவது கட்டிக்கல, கட்டிக்கற நினைப்பும் இல்ல. ஆனா அந்த மதத்துல கட்டிக்கலாம்னு ஒரு வாய்ப்பு இருந்துச்சு, அது போதும்னாங்க. பண்ணினதை விட்டுட்டு பண்ணியிருக்க முடியும்ங்கறதை பாத்து ஒரு கல்யாணத்துக்கு தரம் போட்டாங்க.

அந்த அளவுகோலை தூக்கி இந்து கல்யாணத்து மேல வெச்சு பாருங்க. 1880-ல இந்து ஆம்பளை எத்தனை கல்யாணம் வேணா பண்ணிக்கலாம், சட்டத்துல தடை கிடையாது. 1939-லயும் அதே நிலைமைதான். நம்ம மெட்ராஸ் மாகாணத்துலயே இருதார தடை சட்டம் வந்தது 1949-ல, நாடு முழுக்க 1955-ல. ஆக அன்னைக்கு இருந்த கோடிக்கணக்கான இந்து கல்யாணம், முஸ்லிம் கல்யாணம் எல்லாமே லண்டன் பார்வையில கேள்விக்குறி. இவங்க ஆண்ட நாட்டுல இவங்க கோர்ட்டே தினமும் அந்த கல்யாணங்களை ஒத்துக்கிட்டு தீர்ப்பு சொல்லிட்டு இருந்துச்சு, பிரிவி கவுன்சில்ல அப்பீல் கேட்டுச்சு, அதே ஊர்ல பக்கத்து கட்டடத்துல அது கல்யாணமான்னு கேள்வி. எனக்கு இதுல கோபம் வருது, மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல.

சின்ஹா வீட்டுல நடந்தது இதுதான். 1880 மே மாசம் சத்யேந்திராவுக்கும் கோவிந்த மோகினி மித்ராவுக்கும் கல்யாணம், ரெண்டு பேரும் அப்ப சாதாரண இந்துக்கள், சடங்கு எல்லாம் இந்து முறை. மாப்பிள்ளைக்கு பதினேழு வயசு. அடுத்த வருஷம் அவர் கப்பல் ஏறிட்டார். 1886-ல திரும்பி வந்து சாதாரண பிரம்ம சமாஜத்துல சேர்றார், பிரம்ம சமாஜம்னா வங்காளத்துல கிளம்பின சமய சீர்திருத்த இயக்கம், அதுல ஒரு கிளை இது. இந்த 'சாதாரண'ங்கறது பேருதான், எல்லாருக்கும் பொதுவானதுன்னு அர்த்தம். இந்த சமாஜம் பிறந்ததுக்கு காரணமும் ஒரு கல்யாணம். கேசவ சந்திர சென் பிரம்ம சமாஜத்தோட பெரிய தலைவர், பால்ய விவாகம் கூடாதுன்னு ஊர் ஊரா பேசினவர், 1872-ல பொண்ணுக்கு பதினாலு வயசாவது ஆகணும், ஒரு மனைவிதான்னு ஒரு திருமண சட்டம் வர்றதுக்கு பாடுபட்டவர். அவரே 1878-ல பதினாலு முடியாத தன் பொண்ணு சுனிதி தேவியை கூச் பிகார் மகாராஜாவுக்கு கட்டிக் குடுத்தார். சீடர்கள் கொதிச்சு போயி உடைச்சுக்கிட்டு வெளிய வந்து ஆரம்பிச்சதுதான் சாதாரண பிரம்ம சமாஜம். அதனால கல்யாண விஷயத்துல இவங்க ரொம்ப கறார், ஒருத்தருக்கு ஒரு மனைவி, அதுல பேச்சே இல்ல.

1887 ஆகஸ்ட்ல மூத்த பையன் அருண் பிறக்கறார். பிரம்ம சமாஜத்துல சேந்தது 1886, பையன் பிறந்தது 1887. நடுவுல ஒரு வருஷம் சொச்சம்தான். கேஸே அந்த இடைவெளியிலதான் நின்னுச்சு.

கமிட்டியில கருத்து சொன்னவர் அப்போதைய லார்டு சான்ஸலர், அவர் பேரு மாம் (Maugham). அவர் சொன்னதோட சாரம் இது. கல்யாணம் நடந்த அன்னைக்கு அது பல தாரம் அனுமதிக்கற வகைதான். ஆனா கணவர் வேற யாரையும் கட்டிக்கல. பின்னாடி ரெண்டு பேரும் ஒரு மனைவி மட்டும்ங்கற கொள்கை இருக்கற சமாஜத்துக்கு வந்துட்டாங்க, அவங்க வாழ்க்கை அந்த சட்டத்துக்குள்ள வந்துடுச்சு. பையன் பிறக்கும்போது அது ஒருதார கல்யாணமாவே ஆயிடுச்சு. அதனால பையன் சட்டப்படி பிறந்தவர், பட்டம் அவருக்குத்தான்.

அதோட விட்டிருந்தா இது சின்ஹா குடும்பத்து கேஸாவே முடிஞ்சு போயிருக்கும். மாம் கூடவே இன்னொண்ணும் சொன்னார். இந்தியாவுல குடியிருக்கற இந்துக்களோட கல்யாணத்தை எங்க கோர்ட்டுங்க ஏத்துக்கும், அதுல பிறந்த பிள்ளைங்க முறையான பிள்ளைங்கதான், இங்க இருக்கற சொத்துக்கும் வாரிசா வரலாம், பழைய ஜட்ஜுங்க சிலர் வேற மாதிரி பேசியிருந்தாலும் இதுல இனி சந்தேகத்துக்கு இடம் இல்லைன்னார். ஒரே ஒரு இடத்தை மட்டும் ஒருவேளை விதிவிலக்கா இருக்கலாம்னு விட்டு வெச்சார், இங்கிலாந்து நிலம். அதுக்கு பின்னாடி பழைய கதை ஒண்ணு இருக்கு. ஸ்காட்லாந்துல கல்யாணத்துக்கு முன்னாடி பிறந்து பின்னாடி அப்பா அம்மா கல்யாணத்தால முறையான பிள்ளை ஆனவர் ஒருத்தர் இங்கிலாந்து நிலத்துக்கு வாரிசா வர முடியாதுன்னு 1840-ல பிரபுக்கள் சபையே தீர்ப்பு சொல்லியிருந்துச்சு. பட்டத்தையும் அவங்க சட்டம் நிலம் மாதிரிதான் பாத்துச்சு. பணம் காசு மாதிரி பாத்திருந்தா அருணுக்கு இவ்வளவு இழுத்திருக்காது.

பல மனைவிங்க இருந்தா என்ன ஆகும்னும் மாம் யோசிச்சார். ரெண்டாவது மனைவிக்கு பையன் முதல்ல பிறந்து, முதல் மனைவிக்கு அப்புறமா பையன் பிறந்தா பட்டம் யாருக்கு? மூத்த பையனுக்கா, மூத்த தாரத்து பையனுக்கா? எங்க வாரிசு சட்டம் அதுக்கு தோதா இல்லைன்னு சொல்லி விட்டுட்டார். நம்ம ஜமீன் கேஸ்கள்ல இதே கேள்வி எத்தனையோ தடவை வந்து அடிபட்டிருக்கு, நம்மாளுங்களுக்கு இது புதுசு இல்ல. அங்க மட்டும் அது இன்னைக்கும் நேரா பதில் வராத கேள்வியா நிக்குது.

இப்ப என்னோட அபிப்பிராயம். முடிவு சரிதான், ஆனா போன வழி பலவீனமான வழி. பிரம்ம சமாஜத்துல சேந்ததால கல்யாணத்தோட தன்மையே மாறிடுச்சுன்னு சொன்னாங்க. ஆனா 1903-லயே பிரிவி கவுன்சில், பஞ்சாப் சர்தார் தயாள் சிங் மஜீத்தியாவோட சொத்து கேஸ்ல, பிரம்ம சமாஜத்துல சேந்ததால மட்டும் ஒருத்தர் இந்து இல்லைன்னு ஆயிடாது, அவருக்கு இந்து சட்டம்தான்னு சொல்லியிருக்கு. இந்த தயாள் சிங்தான் ட்ரிப்யூன் பத்திரிகை ஆரம்பிச்சவர். அப்ப சட்டப்படி சின்ஹாவும் இந்துவாவேதானே இருந்திருக்கார்? சமாஜம் ரெண்டாவது கல்யாணம் கூடாதுன்னு சொல்றது ஒரு கட்டுப்பாடு, மீறினா சமாஜத்தை விட்டு விலக்குவாங்க, ஆனா அந்த கட்டுப்பாடே கல்யாணத்தோட சட்ட நிலையை மாத்திடுமான்னு கேட்டா நான் தயங்குவேன். கமிட்டிக்கு இந்த சுத்து வழி தேவையே இல்ல. அந்த ஊர் சட்டப்படி செல்ற கல்யாணம், ஒரே மனைவி, மூத்த பையன், பட்டம் அவனுக்குன்னு ரெண்டு வரியில முடிச்சிருக்கலாம். அப்படி முடிச்சிருந்தா கோவிந்த மோகினிங்கற அந்த பொண்ணு முதல் நாள்ல இருந்தே மனைவின்னு ஆகியிருக்கும். இவங்க சொன்ன வழியில பாத்தா கணவர் ஒரு சமாஜத்துல பேர் குடுத்த நாள்ல இருந்துதான் அவங்க கல்யாணத்துக்கு முழு மரியாதை. அது எனக்கு ஏத்துக்க முடியல.

இருந்தாலும் இந்த கேஸோட பலன் போய் சேந்த இடம் பெருசு. அந்த கருத்து சட்ட அறிக்கையில அச்சாகி வக்கீல்கள் கையில பரவலா வந்தது 1946-ல, அதுவும் பெய்ண்டெயில் கேஸை ஒட்டி. அந்த கேஸ்ல இந்தியாவுல இந்து முறைப்படி கல்யாணம் ஆன ஒருத்தர் லண்டன் போய் 1939-ல ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஒரு ஆங்கிலேய பொண்ணை கட்டிக்கிட்டார். விஷயம் தெரிஞ்சதும் அந்த பொண்ணு இந்த கல்யாணம் செல்லாதுன்னு கேட்டு கோர்ட்டுக்கு போச்சு. இந்து கல்யாணத்தை கல்யாணமே இல்லைன்னு சொன்னா லண்டன் கல்யாணம் செல்லும், ஊர்ல இருக்கற மனைவி ஒண்ணும் இல்லாதவ ஆயிடுவா. லார்டு கிரீன் தலைமையில அப்பீல் கோர்ட் சின்ஹா கேஸை துணைக்கு வெச்சுக்கிட்டு இந்தியாவுல நடந்ததுதான் முதல் கல்யாணம், அது இருக்கும்போது இது செல்லாதுன்னு தீர்ப்பு சொல்லுச்சு. ஒரு லார்டு பட்டத்துக்காக நடந்த விசாரணை, பேர் தெரியாத எத்தனையோ மனைவிங்களுக்கு பாதுகாப்பா வந்து நின்னுச்சு. அப்புறம் 1962-ல எகிப்து கெய்ரோவுல கல்யாணம் ஆன யூத தம்பதி கேஸ்லயும், பிறக்கும்போது பல தாரத்துக்கு வாய்ப்பு இருந்த கல்யாணம் பின்னாடி ஒருதாரமா மாறலாம்ங்கற இந்த வாதத்தைத்தான் எடுத்துக்கிட்டாங்க. ஹைட் கேஸோட பழைய தடை ஒருவழியா 1972-ல பார்லிமென்ட் சட்டம் போட்டு நீங்குச்சு.

பட்டம் அப்புறம் எப்படி இறங்குச்சுன்னா, அருண் குமார் 1967 வரைக்கும் ரெண்டாவது பாரன். அவர் பையன் சுதீந்திர பிரசன்ன சின்ஹா மூணாவது, 1989 வரைக்கும். அவர் பையன் சுசாந்த பிரசன்ன சின்ஹா நாலாவது, 1992-ல முப்பத்தொன்பது வயசு வாக்குல போயிட்டார். அங்க நேர் கோடு நின்னு போச்சு, ஆண் வாரிசு இல்ல. அப்ப சாசனத்துல இருக்கற அந்த வரியை வெச்சுக்கிட்டு மேல ஏறி பாக்கணும். மூணாவது பாரனுக்கு வேற பையன் இல்லைன்னா ரெண்டாவது பாரனோட மத்த பையன்கள்கிட்ட போகணும், பட்டம் ஒரு தலைமுறை பின்னாடி போயி சித்தப்பா அனிந்தோ குமார் சின்ஹாவுக்கு வந்துச்சு, 1930-ல பிறந்தவர், அஞ்சாவது பாரன். 1999-ல அவரும் காலமாகி பட்டம் அவர் பையனுக்கு போச்சு, அவர் ஆறாவது. நம்ம ஊர்ல வாரிசு மரம் போடும்போது 'இன்னார் சந்ததி இல்லாம இறந்தார்'னு கட்டம் போட்டுட்டு பக்கத்து கிளைக்கு கோடு இழுப்போமே, அதே வேலைதான்.

1999-லயே இன்னொண்ணும் நடந்துச்சு. பிரபுக்கள் சபை சட்டம் வந்து பரம்பரை பிரபுக்கள்ல 92 பேரை மட்டும் நிறுத்திட்டு மத்தவங்க எல்லாரையும் வெளிய அனுப்பிட்டாங்க. அருண் சின்ஹா 1939-ல வாங்கின அந்த நாற்காலி உரிமை அதோட முடிஞ்சுது, பட்டம் மட்டும் பேருக்கு முன்னாடி நிக்குது. நம்ம அரசியல் சட்டம் 18-வது பிரிவு, இந்திய குடிமகன் யாரும் வெளிநாட்டு அரசுகிட்ட பட்டம் வாங்கக்கூடாதுங்குது. ஆனா இது வாங்கற பட்டம் இல்ல, பிறப்புல தானா இறங்கறது, வேணாம்னு ஒருத்தர் நினைச்சாலும் சும்மா இருந்தா அது வந்துட்டேதான் இருக்கும், விடணும்னா இங்கிலாந்தோட 1963 சட்டப்படி எழுதிக் குடுத்துதான் விடணும்.

2004-ல இருந்து லண்டன்ல பிரபுக்கள் பதிவேடுன்னு ஒண்ணு வெச்சிருக்காங்க. அதுல பேர் ஏறாத வாரிசை அரசாங்க பேப்பர்ல அந்த பட்டத்தால கூப்பிட மாட்டாங்க. பேர் ஏறணும்னா தன்னோட பிறப்பு சர்டிபிகேட், அப்பா அம்மா கல்யாண சர்டிபிகேட், முந்தைய லார்டோட இறப்பு சர்டிபிகேட், நடுவுல யாருக்காவது ஆண் வாரிசு இல்லைன்னா அதுக்கு ஆதாரம், எல்லாம் குடுக்கணும். எங்க ஆபீஸ் மேஜையில நாங்க அடுக்கற அதே கட்டுதான், சீல் மட்டும் வேற. அடுத்து வரப்போற சின்ஹாவும் இதெல்லாம் தூக்கிக்கிட்டு போகணும். 1880 மே மாசம் நடந்த கல்யாணத்துக்கு மட்டும் இனிமே யாரும் ஆதாரம் கேக்க மாட்டாங்க.